ஒரு சரை வெள்ளைத் தூள்

பணிப்பெண் பேர்ணடெற் தலையணை உறையை மாற்றும்போது கிழவர் நீக்கிலாப்பிள்ளையின் சரை தரையில் விழுந்தது. பேப்பர்த் துண்டில் மடித்த சின்னப் பொட்டலம். உள்ளே வெள்ளைத் தூள்.

அறை வாசலில் நின்ற முதியோர் இல்லச் சூப்பர்வைசர் மார்கரெட் கண்டுவிட்டாள்.

ஜன்னலுக்கு வெளியே, கனடாவின் ஸ்காபரோ முழுக்கச் சத்தமில்லாமல் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அறைக்குள்ளும் எல்லாம் தண்ணீருக்குள் நடப்பதுபோல மெதுவாகவே நடந்தது.

“போதைப்பொருள்! பொலிஸுக்குச் சொல்ல வேண்டும். இவரை இனி இங்கே வைத்திருக்க முடியாது” என்றாள் மார்கரெட்.

இவரை அனுப்பினால் பக்கத்துக் கட்டிலில் கிடக்கும் மனைவி றோசலின் தனித்துப்போவாள். இரவு பகலாக முனகுபவள். அது நோவு என்று பேர்ணடெற் எத்தனை தரம் சொல்லியும், வயதுக் குழப்பம் என்று விட்டுவிட்டார்கள்.

கிழவர் பேர்ணடெற்றைப் பார்த்தார்.

“ஐயோ, இது கோயில் சாம்பல். எங்கள் ஆட்கள் பூசுவது” என்றாள் அவள். எங்கிருந்துதான் அந்தப் பொய் வந்ததோ!

ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் மூன்று கோடு இழுத்தாள். இன்னொரு சிட்டிகையை வாயில் போட்டுக் கண்ணை மூடினாள். தான் குடியிருக்கும் மல்வேர்னில் அயல்வீட்டுச் சைவ அன்ரி தினமும் செய்வதைப் பார்த்திருக்கிறாள்.

மார்கரெட் வெட்கப்பட்டு, மன்னிப்புக் கேட்டு, போய்விட்டாள்.

பேர்ணடெற் யாழ்ப்பாணத்துப் பாஷையூர்க் கத்தோலிக்கப் பெட்டை. விபூதிப் புதனில் சாமியார் போடும் சிலுவையைத் தவிர அவள் நெற்றி சாம்பல் கண்டதில்லை. நீக்கிலாப்பிள்ளையும் அப்படித்தான்.

நாக்கு ஒரேயடியாகக் கைத்தது.

“அங்கிள், என்ன கோதாரி இது?”

“என்ரை நோவுக்கு டொக்டர் தாற குளிசை, பிள்ளை. நான் விழுங்குறேல்லை. இடிச்சுத் தேத்தண்ணியிலை அவவுக்குக் கரைச்சுக் குடுக்கிறன். அவவின்ரை நோவை இஞ்சை ஆர் நம்புகினம்?”

அவருக்கு எலும்பில் புற்றுநோய். ஒருநாளும் வாய் திறந்து நோகுது என்று சொல்லாத மனிதர். மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று டொக்டரே பெருமைப்படுவார்.

கதவு மெல்லத் திறந்தது. மார்கரெட்டின் தலை மட்டும் உள்ளே வந்தது.

“அந்தச் சாம்பலை இந்த அம்மாவுக்கும் கொஞ்சம் பூசிவிடேன். பாவம்.”

வேலை போனால் போகட்டும். பேர்ணடெற் நெற்றிக் கோடுகளைக் கையால் அழித்தாள்.

“இது சாம்பலில்லை மார்கரெட். இவருக்கு நீங்கள் தரும் மருந்து. தான் குடிக்காமல் மனைவிக்குக் கொடுக்கிறார். இப்போதாவது நம்புங்கள், அவவுக்கு நோகிறது.”

மார்கரெட் கிழவரைத் திரும்பிப் பார்த்தாள்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. நீக்கிலாப்பிள்ளை கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முதல் தரமாக வாய்விட்டு முனகினார்.