மேசைமேல் துப்பாக்கி

வாசலில் கார் நின்றதும், டெல்மர் பழைய ரஷ்ய ராணுவக் கைத்துப்பாக்கியைச் சாப்பாட்டு மேசையில் கழற்றிப் பரப்பினான். வீட்டுப் பெண்ணை வெளியே அழைத்துப்போக வருபவனை மிரட்ட, அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் அதுதானே வழக்கம்!

"இருட்டுறதுக்குள்ள வீட்டுல கொண்டாந்து விடணும். மேல கை பட்டுச்சு, அவ்வளவுதான்!"

வந்து நின்ற ஆர்விலின் முகத்தில் ஈயாடவில்லை.

"போர்ல பேசின துப்பாக்கி இது" என்றபடி டெல்மர் அதை மறுபடி பூட்டினான். பாதியில் சிக்கிக்கொண்டது. தட்டினான், இழுத்தான், வியர்த்தான்.

உள்ளிருந்து வந்தவள் அதைப் பிடுங்கி, ஸ்பிரிங்கைத் திருப்பிப் போட்டு, நொடியில் பூட்டினாள்.

"உங்கப்பா போனதுலேருந்து சொல்றேன், குறுகின முனைதான் குழல்ல முதல்ல போகணும்னு. அம்பது வயசாச்சு, இன்னும் தலைகீழாவே மாட்டுறே!"

துப்பாக்கியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"வாங்க ஆர்வில், குறிபாத்துச் சுட்டுப் பழகப் போவோம். இவனுக்கா பயந்தீங்க? வெடிச் சத்தம் கேட்டா காதைப் பொத்திக்கிற பய! டெல்மர், அடுப்புல பீன்ஸ் இருக்கு. அம்மாவுக்காகக் காத்திருக்காம சாப்பிட்டுப் படு."