ஐந்துக்குக் கீழே

ஆறு பேரில் நான்கு பேருக்குக் கரு கலைந்திருக்கிறது.

கணக்கு, அதில் ஒன்றுமில்லை என்கிறது.

ஆராய்ச்சி மாணவியான அவள் மூன்றாம் முறையும் போட்டுப் பார்த்தாள். அதே விடை. 0.27.

வேலை செய்யும் அறைக்கும் கரு கலைவதற்கும் தொடர்பே இல்லாவிட்டாலும், நூற்றுக்கு இருபத்தேழு முறை இவ்வளவு வித்தியாசம் தானாகவே வந்துவிடும் என்று அதற்குப் பொருள்.

வியாழக்கிழமை விசாரணை. தொழிற்சாலை ஆய்வாளர் இந்தத் தாளைப் பார்த்துவிட்டுத்தான் சாயப்பட்டறையின் கலவை அறையை மூடச் சொல்வார். அல்லது சொல்ல மாட்டார்.

நூறு பெண்கள். எல்லோரும் வேலைக்குச் சேர்ந்த பிறகு கருவுற்றவர்கள். சாயப்பொடி கரைக்கும் கலவை அறையில் ஆறு பேர், நான்கு பேருக்குக் கலைந்தது. துணி அலசும் பிரிவில் முப்பத்து நான்கு பேர், மூன்று பேருக்கு. மடிக்கும் கூடத்தில் அறுபது பேர், ஆறு பேருக்கு.

வீடு வீடாகப் போய் அவளே கேட்டு எழுதியது.

ஆனால் திரையில் இருந்த அட்டவணையில் இரண்டே வரிசைகள்.

காலையில் அது மூன்று வரிசையாக இருந்தபோது ஆராய்ச்சி கைடு பார்த்து உதட்டைப் பிதுக்கியிருந்தார். அட்டவணையின் ஏதாவது ஒரு கட்டத்தில் எதிர்பார்க்கும் எண்ணிக்கை ஐந்துக்குக் கீழே போனால் கை-வர்க்கச் சோதனை (chi-square) செல்லாது.

"ஆறெல்லாம் ஒரு எண்ணிக்கையாம்மா? அலசற பிரிவோட சேத்துடு. பக்கத்துப் பக்கத்து ரூம்தானே."

சேர்த்தாள். நாற்பது பேரில் ஏழு. அறுபது பேரில் ஆறு.

ஆறு பேரும் முப்பத்து நான்கு பேருக்குள் கரைந்துபோனார்கள்.

நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள். அது சுவரில் மோதியது. பக்கத்து மேஜைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். பார்க்கட்டும்.

அந்த அறையில் இடமே ஆறு பேருக்குத்தான். ஏழாவது ஆள் நிற்க முடியாது. கணக்குக்குப் போதவில்லையென்று இன்னும் எத்தனை பேரை உள்ளே அனுப்புவது?

பூவாத்தாள் நினைவுக்கு வந்தாள். கலவை அறையில் பதினோரு வருடம். கை மணிக்கட்டு வரை நீலம்.

"ஏங்கண்ணு, எண்ணி முடிச்சாச்சா? ஆறு பேர எண்ணறதுக்கு இத்தன காயிதமா? எனக்கும் நிக்கல, எழுதிக்கோ. இவளுக்கு இப்ப மூணாம் மாசம். இவளையாச்சும் ஒழுங்கா எண்ணு."

இவள் என்றது பக்கத்தில் நின்றவளை. கலையாத இரண்டு பேரில் ஒருத்தி. இது அவளுக்கு இரண்டாவது.

மேஜைக்குத் திரும்பி உட்கார்ந்து, தன் பழைய வகுப்பு நோட்டைப் பிரித்தாள். ஒரு வரியின் அடியில் இரண்டு கோடு போட்டு வைத்திருந்தாள். 'ஐந்துக்குக் கீழே இருந்தால் வரிசைகளைச் சேர்.'

அதே கைடு சொல்லி எழுதியது.

ஏன் ஐந்து? இரண்டு வருடமாக இதைக் கேட்கவே இல்லை. தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

நூலகப் புத்தகத்தை எடுத்தாள். காரணம் நாலே வரியில் இருந்தது. ஆட்கள் முழு முழுவாக எண்ணப்படுகிறவர்கள். மூன்று, நான்கு, ஐந்து. படிக்கட்டு மாதிரி. சோதனையோ அந்தப் படிகளின்மேல் வழவழப்பான ஒரு வளைவைப் போர்த்துகிறது. படிகள் பல இருந்தால் வளைவு பொருந்தும். சில இருந்தால் பொருந்தாது.

அப்படியானால் குறை வளைவில். ஆறு பேரில் இல்லை.

அதற்கு அடுத்த வரியை வகுப்பில் யாரும் படிக்கவில்லை.

படித்தாள். ஆட்கள் குறைவென்றால் வளைவை விட்டுவிட்டு, நடக்கக்கூடிய எல்லா வழிகளையும் நேராக எண்ணலாம். மறுபடி படித்தாள்.

பயன்படாத படிவங்களைக் கிழித்து நூறு சீட்டு செய்தாள். கலைந்தவர்கள் மொத்தம் பதின்மூன்று பேர்; பதின்மூன்றில் சிவப்பு மையால் புள்ளி வைத்தாள். சாப்பாட்டு டப்பாவைக் கழுவித் துடைத்து, எல்லாவற்றையும் போட்டுக் குலுக்கினாள்.

பார்க்காமல் ஆறு எடுத்தாள்.

ஒரு புள்ளி.

திரும்பப் போட்டுக் குலுக்கினாள். புள்ளியே இல்லை. மறுபடி. ஒன்று. இரண்டு. இல்லை. ஒன்று.

பக்கத்து மேஜைக்காரர், "என்னங்க, சீட்டுக் குலுக்கலா? நம்மளையும் சேத்துக்குங்க" என்றார்.

பற்களைக் கடித்துக்கொண்டு ஐம்பது முறை எடுத்தாள். ஒரே ஒரு முறை மூன்று வந்தது.

நான்கு வரவே இல்லை.

குலுக்கலை நிறுத்திவிட்டு வழிகளை எண்ணினாள். நூறில் ஆறை எடுக்க நூற்றுப் பத்தொன்பது கோடியே இருபது லட்சத்து ஐம்பத்திரண்டாயிரத்து நானூறு வழிகள். அவற்றில் நான்கோ அதற்கு மேலோ புள்ளி வருபவை இருபத்தேழு லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு.

வகுத்தாள்.

வளைவு வேண்டாம். ஐந்தும் வேண்டாம்.

பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி எழுதினாள்:

வரிசைகளைச் சேர்க்கக் கூடாது. கலவை அறை தனி வரிசை. எல்லா வழிகளையும் நேராக எண்ண வேண்டும். இது தற்செயலாக நடக்கக்கூடியது பத்தாயிரம் முறையில் இருபத்து மூன்று முறை.

கலவை அறை: ஆறு பேர்.