கடைசி பெஞ்சின் குமிழி

கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தான் கடைசி பெஞ்ச். பாத்ரூம் தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று இன்னொரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டான். 'கடைசி பெஞ்ச்' என்பது போனில் நடக்கும் ஓர் இலவச வேதியியல் வகுப்புக்காக அவன் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பெயர். பொருத்தத்துக்கு ஒரு குறையும் இல்லை.

நாளைக் காலையில் வகுப்பு முன்னால் நின்று, தண்ணீர் எப்படிக் கொதிக்கிறது என்று அவன் விளக்கியாக வேண்டும். தலைமை ஆசிரியையே வந்து உட்கார்ந்து கேட்கப் போகிறார். உளறினால் மானம் கப்பலேறிவிடும்.

கேட்டால் சொல்லிக்கொடுக்க வீட்டிலேயே ஆள் உண்டுதான். ஆனால் ஒரு தடவை கேட்டுவிட்டால் ஆயுள் முழுக்கச் சொல்லிக் காட்டுவார்களே! அந்த வீட்டில் அவனை நம்பி ஒப்படைத்திருந்த ஒரே வேலை, மூன்று விசில் வந்ததும் குக்கரை அணைப்பது. அதற்கு மேல் அவன் மூளை தாங்காது என்பது வீட்டின் முடிவு. அவனுக்கும் அதில் பெரிய மாற்றுக் கருத்து இல்லை.

"கடைசி பெஞ்ச், நீ சொல்லு" என்றார் போனில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்த மிஸ். "தண்ணி கொதிக்கும்போது மேல வர்ற குமிழிக்குள்ள என்ன இருக்கு?"

மைக்கைத் திறந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, கீச்சுக் குரலில் சொன்னான்.

"ஹைட்ரஜனும் ஆக்சிஜனும், மிஸ். சூட்டுல தண்ணி ரெண்டா உடைஞ்சிடுது."

போன் முழுக்கச் சிரிப்பு.

"அப்படி உடைஞ்சா வெந்நீர் போடுற வீடெல்லாம் வெடிச்சிருக்கும்பா! குமிழிக்குள்ளயும் தண்ணிதான், ஆவியா இருக்கு. மூலக்கூறு உடையறதில்ல. ஒண்ணை ஒண்ணு இழுத்துப் பிடிச்சிட்டிருக்குல்ல, அந்தப் பிடிதான் விட்டுப்போகுது. கைகோத்து நின்ன கூட்டம் கலையற மாதிரி. யார் கையும் ஒடியல. புரியுதா?"

புரிந்தது. இவ்வளவுதானா என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டான். இத்தனை வருஷமாக அந்தக் குமிழியைப் பற்றி அளந்துவிட்டதெல்லாம் நினைவுக்கு வந்து காது சுட்டது.

"இந்த உளறலை யாருப்பா உனக்குச் சொல்லிக்கொடுத்தது?"

"எங்க ஸ்கூல் கெமிஸ்ட்ரி சார்" என்றான் ஈனஸ்வரத்தில்.

"அந்த சாரை நான் ஒரு தடவை நேர்ல பார்க்கணும்."

மைக்கை அணைக்க விரல் போவதற்குள் குக்கர் மூன்றாவது விசிலை அலறியது. கதவுக்கு வெளியே ஒரு தடவை, போனுக்குள் ஒரு தடவை.

அப்புறம் மிஸ்ஸின் குரல் ரொம்ப மரியாதையாக வந்தது.

"என்னங்க, நாளைக்கு உங்க ஸ்கூல் பசங்களுக்கு எடுக்கவேண்டிய பாடத்தை நானே சொல்லித் தர்றேன். முதல்ல பாத்ரூமை விட்டு வெளிய வந்து குக்கரை அணைங்க!"