நாற்பத்தொன்றாம் எண்ணின் கேள்வி

"இன்னுமா கம்ப்யூட்டரை முறைச்சிக்கிட்டு இருக்கே? டீ ஆறுது பாரு" என்றார் கணவர்.

"கொஞ்சம் சும்மா இருங்க. இந்த வாரம் டிஸ்கஷனுக்கு லீடரா இருக்கிற பொண்ணு எல்லாருக்கும் பதில் போட்டே ஆகணும். இல்லன்னா அவளுக்கு மார்க் போயிடும்."

அந்த அஞ்சல் வழி வகுப்பின் இணையக் கலந்துரையாடலில் யாருக்கும் பெயர் கிடையாது; பதிவு எண் மட்டும்தான். இந்த வாரப் பாடம், மகளுக்கு வந்த காதல் கடிதங்களை எரித்துவிடும் ஒரு தாயின் கதை. தன் பதிவு எண்ணான நாற்பத்தொன்றில் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தாள். அதை எழுதவே ஒரு காலைப்பொழுது முழுக்கப் பிடித்தது.

'அந்தத் தாய் மன்னிப்புக் கேட்டிருந்தால் மகள் பேசியிருப்பாளா?'

பதில் வந்தது.

'அழகாக எழுதுகிறீர்கள். ஆனால் பேசியிருக்க மாட்டாள். மகள் கெஞ்சியபோது கேட்காதவளுக்கு இப்போது மட்டும் பதில் எதற்கு?'

அவள் அதை மூன்று முறை படித்தாள்.

கணவர் மூடியிருந்த பக்கத்து அறைக் கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பையனை நீ விரட்டின நாள்லேர்ந்து இப்படியே போகுது. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, பெத்த பொண்ணோட பேச, அவ வகுப்புலயே சேர்ந்து, அவ நம்பரையும் கண்டுபிடிச்சு, இவ்வளவு சுத்தி வளைக்கணுமா? சரி, என்ன சொல்றா?"

அவள் சட்டென்று திரையை மூடினாள்.

"அழகா எழுதுறேனாம்" என்றாள். "எட்டு மாசத்துல அவ எங்கிட்ட பேசின முதல் வார்த்தைங்க."