குளிர் தாங்காதவள்

காரைக்கால் தபால் நிலையத்தில் ரொபேருக்குப் பாரீஸுக்கு டிரங்க்கால் கிடைக்க இரண்டு மணி நேரம் ஆனது. அவருடைய மகள் எலேன் பாரீஸில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள்.

“அம்மா எப்படியிருக்கா?”

“நல்லாருக்காங்க பப்பா. காலையிலதான் சாப்பாடு மாத்தினேன்.”

“என்னமோ கண்டுபிடிச்சதா எழுதியிருந்தியே?”

“ஆமா. அம்மாவுக்கு ஒரு மரபணு ஓயாம வேலை செய்யுது, அதனாலதான் கட்டி. சில புரதங்க ஒண்ணாச் சேந்து அதுமேல உக்காந்து அதை முடுக்கிவிடுது. அதுல ஒண்ணை எடுத்துட்டா மரபணு அடங்கிடுது.”

“அப்ப குணமாயிடுமா?”

“இனிமே வர்றவங்களுக்கு ஆகலாம் பப்பா. எங்க வேலை முடிஞ்சிடுச்சு. அடுத்த மாசம் அம்மாவை வேற எடத்துக்கு மாத்தச் சொல்றாங்க. ரொம்பக் குளிரான எடம்.”

“வேணாம். நம்ம ஊர் நெரவி வயக்காத்துக்கே சால்வை கேட்டவ அவ.”

“பப்பா, அம்மாவைப் புதைச்சு அஞ்சு வருஷமாச்சு. இது அவங்க கட்டியிலேருந்து எடுத்த செல்லு. கண்ணாடித் தட்டுல வளருது. அதைத்தான் உறைய வச்சு எடுத்து வைக்கப் போறாங்க.”

“பொட்டியைத் தூக்கினவன் நான். எனக்குத் தெரியாதா? குளிர்ல வைக்கிறதுக்குள்ள ஒரு தடவை வந்து பாத்துடுறேன்.”

“மைக்ராஸ்கோப்புல புள்ளி புள்ளியாத்தான் தெரியும்.”

“அசையுமா?”

“அசையும். ஆனா ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருக்கணும்.”

“இருக்கேன்” என்றார் ரொபேர்.