சுற்றிப் போகவும்

ஏழு மணி அடிக்க எட்டு நிமிஷம் இருந்தது. சந்தின் முனையில், நேற்றுவரை இல்லாத இரும்பு கேட் ஒன்று பூட்டிக்கொண்டு நின்றது.

புஷ்பம் கம்பியைப் பிடித்து உலுக்கினாள். அந்தப் பக்கம் நாலாவது வீடுதான் அவள் சமைக்கும் வீடு. மாடியில் காயும் துண்டுகூடத் தெரிந்தது.

இனி ஒரு நாள் ஏழு தாண்டினாலும் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று அந்த வீட்டு ஸ்வர்ணலதாம்மா நேற்றுதான் கறாராகச் சொல்லியிருந்தார்.

அடையாற்றங்கரைக் குடிசையில் இருந்தவரை இது ஐந்து நிமிஷ நடை. குடிசையைப் பிடுங்கிவிட்டு, பெரும்பாக்கத்தில் மூன்றாவது மாடியில் கொண்டுபோய் வைத்தார்கள். அன்றிலிருந்து விடியுமுன் கிளம்பி, இரண்டு பஸ் மாறி, மெட்ரோவுக்குத் தோண்டிப்போட்ட ரோட்டில் ஊர்ந்து வருகிறாள். ஊர் பெருக்கப் பெருக்க அவளுக்குத் தூக்கம்தான் குறைந்தது. இப்போது வாசலைப் பார்க்கிற தூரத்தில் ஒரு பூட்டு.

உள்ளே நாற்காலியில் இருந்த வாட்ச்மேன் எழுந்திருக்கவே இல்லை.

“என்னைக் கேட்டா எனக்கு இன்னா தெரியும்? தெருக்காரங்க அம்பது பேரு கையெழுத்துப் போட்டு பூட்டிக்கீறாங்க. மெயின் ரோடு சுத்திக்கினு போக்கா.”

சுற்றினால் அரை மணி நேரம். வேலை போனது போனதுதான். யார் அந்தப் புண்ணியவான்கள் என்றாவது பார்ப்போமென்று, கேட்டில் கட்டித் தொங்கவிட்டிருந்த கையெழுத்துப் பட்டியலில் விரலை வைத்தாள்.

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு திட்டு கொடுத்துக்கொண்டே கீழே இறங்கினாள். முதல் வீட்டு டாக்டர். அவர் தம்பி. யாருடைய பிரசவத்துக்கு இவள் ராத்திரி பூரா கூட உட்கார்ந்திருந்தாளோ, அந்த ஷீலாவுமா? ஸ்வர்ணலதாம்மாவுக்கு இரண்டு திட்டு சேர்த்தே விழுந்தது.

ஐம்பதாவது பெயரில் விரல் நின்றது.

புஷ்பம். குண்டு குண்டாக, அவள் எழுத்தேதான். பக்கத்தில் ஸ்வர்ணலதாம்மா வீட்டு எண்.

போன மாசம் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது அந்தம்மா ஒரு பேப்பரை நீட்டினார். தெருப் பாதுகாப்புக்கு மனுவாம், ஒரு ஆள் குறைகிறதாம்.

“நீயும் நம்ம தெருதானே, புஷ்பம்.”

மாவுக் கையை அவசரமாகத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். அதற்குமுன் அவளை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத பெண்ணிடம்கூட, நமக்கு அடையாறு என்று சொல்லிக்கொண்டே போனாள்.