நிதானமான குரல்

நடுவானில் வால்பகுதிச் சுக்கான் முறிந்து விமானம் கடலை நோக்கிச் சரியத் தொடங்கியதும், விமான நிறுவனம் வழக்கம்போலப் பயணிகளின் வீடுகளுக்கு அவரவர் குரலிலேயே விடைபெறும் அழைப்புகளை அனுப்பியது. தூத்துக்குடியில் ஜெசிந்தாவுக்குக் கணவன் ரூபனின் குரல் வந்தது.

“எனக்குப் பயமே இல்ல ஜெசி. பிள்ளையப் பாத்துக்கோ,” என்றது அது, நிதானமாக. பேசுவது எந்திரம் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அழுதுகொண்டே கேட்டாள்.

அப்போது இன்னொரு அழைப்பு வந்தது. எடுத்தாள். பெருங்கூச்சலுக்கு நடுவே ரூபன் அலறினான்.

“ஜெசி, பயமா இருக்கு. வச்சிராத. கீழ விழுற வரைக்கும் பேசிக்கிட்டே இரு.”

அவன் அப்படிக் கதறி அவள் கேட்டதே இல்லை. பத்து வினாடிகூடத் தாங்காமல் துண்டித்துவிட்டு, முந்தைய அழைப்புக்கே திரும்பினாள்.

“நான் இங்கதான் இருக்கேன்மா,” என்றது குரல்.

அவன் மறுபடி அழைத்தான். ஒலித்து ஓயும்வரை அவள் எடுக்கவில்லை. அதன்பின் அவனிடமிருந்து அழைப்பு வரவேயில்லை.

“இன்னும் கொஞ்ச நேரம் பேசுங்க,” என்றாள், எந்திரத்திடம்.